அந்த மேட்டுக்கு என் பெயர்தான் வைக்க வேண்டும்

நான் வந்தது அந்தப் பலகை விஷயமாகத்தான், சார்ஜென்ட் அம்மா. படகுத்துறையில் நேற்று நட்டு வைத்தார்களே, வெள்ளைப் பலகையில் நீல எழுத்து, அதில் ஒரு பிழை இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை. 'ஹோர்கன் மேடு: டெஸ்மண்ட் ஹோர்கன் கண்டுபிடித்தது' என்று போட்டிருக்கிறார்கள். கண்டுபிடித்தது அவன் இல்லை, நான்.

நகராட்சி அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். "துக்கத்துல இருக்கீங்க, வீட்டுக்குப் போய் கொஞ்சம் படுங்க" என்றாள் அங்கே இருந்த பெண். மீன்பிடிச் சங்கத்தில் சொன்னேன். தோளைத் தட்டி, காபி ஊற்றிக் கொடுத்தார்கள். ஊரே அன்பாக இருக்கும்போது ஒரு சின்னத் திருத்தம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நடந்ததை முழுதாகச் சொன்னால்தான் யாராவது காதில் வாங்குவார்கள் போலிருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள். தைஸ்தோ ரௌதியோ. கோல்டர் துறையில் மருந்துக்கடை வைத்திருந்தவன். கடையைப் போன வருஷம் விற்றுவிட்டேன். இருமலுக்கும் மூட்டுவலிக்கும் இந்த ஊரில் பாதிப் பேர் என் கையால்தான் மருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரு முறைகூட மருந்தை மாற்றிக் கொடுத்ததில்லை.

அந்த டெஸ்மண்ட், எங்களுக்கு டெஸ், என் தங்கை லெம்பியின் கணவன். நல்ல மனிதன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு நான் அவனைப் பழித்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. ரயில்வேயில் வேலை பார்த்தவன். அவன் சிரித்தால் என் கடை அலமாரியில் புட்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். தெருவில் பத்து அடி நடக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆகும், அத்தனை பேரிடம் நின்று பேசுவான். எனக்குக் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய கோடையில், படகுக்குக் கொண்டுவரும் சாண்ட்விச்சுகளில் என் பங்குக்கு மட்டும் ரொட்டியின் ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கொண்டுவருவான். நான் கேட்கவே இல்லை. பல் கட்டிய பிறகும் அதை நிறுத்தவில்லை. எனக்கு ரொட்டியின் ஓரம்தான் பிடிக்கும் என்று அவனிடம் சொல்ல நேரமே வாய்க்கவில்லை.

அவன் ஓய்வு பெற்றதும் லெம்பி என் வீட்டுக்கு வந்தாள். எங்கள் அம்மா செய்வதுபோல ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். அப்படி அவள் கொண்டுவந்தாலே ஏதோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம்.

"அண்ணா, இவர வீட்ல வெச்சுச் சமாளிக்க முடியலண்ணா. காலைல இருந்து என் பின்னாடியே சுத்தறாரு. சட்டியத் தொறந்து தொறந்து பாக்கறாரு. ஏரிக்குப் போறப்போ கூட்டிட்டுப் போயேன்."

"அவருக்கு மீன் புடிக்கத் தெரியாதே."

"உனக்குப் பேசத் தெரியாதே. ரெண்டும் சரியாப் போயிடும்."

அப்படித்தான் ஆரம்பித்தது.

நீங்கள் தெற்கேயிருந்து வந்தவர், அதனால் கொஞ்சம் விளக்க வேண்டும். கடல் மாதிரி விரிந்த எங்கள் ஏரியில் ட்ரவுட் மீன் கோடைக்காலத்தில் மேலே இருக்காது. மேல்தண்ணீர் லேசாகச் சூடானாலே அதற்குப் பிடிக்காது, குளிரைத் தேடி அடிக்குப் போய்விடும். அங்கே வெளிச்சம் கிடையாது, சத்தம் கிடையாது, யாரும் தோளில் தட்ட மாட்டார்கள். சாதாரண நூலில், குட்டி மீன் மாதிரி மின்னுகிற தகட்டுத் தூண்டிலைக் கட்டிப் போட்டால் அது அங்கே போய்ச் சேராது, படகு போகிற போக்கில் மேலேயே மிதந்து வரும். அதனால் படகின் ஓரத்தில் ஒரு கைச்சக்கரம் பொருத்தியிருப்போம். அதில் எஃகுக் கம்பி. கம்பி நுனியில் பீரங்கிக் குண்டு மாதிரி ஓர் ஈயக்குண்டு. தூண்டில் நூலை அந்தக் குண்டுக்கு மேலே ஒரு கிளிப்பில் கவ்வவிட்டு, குண்டை இறக்க வேண்டும். குண்டு நூலை அடிக்குக் கொண்டுபோகும். மீன் கடித்ததும் கிளிப் விட்டுவிடும், நூல் குண்டிலிருந்து பிரிந்துவிடும், அப்புறம் மீனும் நீங்களும் மட்டும்தான்.

குண்டு தரையைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். லேசாகச் சேற்றைக் கிளறினால் ட்ரவுட் என்னவென்று பார்க்க வரும். படகு நடை வேகத்தில்தான் போக வேண்டும். நடை என்றால் இளைஞர்களின் நடை இல்லை, பிரசங்கம் முடிந்து தேவாலயப் படியிறங்குகிற கிழவர்களின் நடை. அதற்கு மேல் ஒரு துளி கூட்டினாலும் தகடு பைத்தியம் பிடித்தாற்போலச் சுழலும், மீன் திரும்பிப் போய்விடும். குறைத்தால் தகடு செத்துப்போய்த் தொங்கும். என் மோட்டாருக்கு அந்த வேகம் மனப்பாடம்.

அதைவிட முக்கியம், மேலே கொண்டுவருவது. அவ்வளவு ஆழத்திலிருந்து ஒரு மீனைச் சரசரவென்று இழுத்தால் அதன் வயிற்றில் இருக்கும் காற்று விரிந்து அது பலூனாக உப்பிவிடும். திருப்பி விட்டாலும் கீழே போக முடியாது. மல்லாந்து மிதக்கும், கடற்காக்கைகள் வந்து கண்ணிலிருந்து ஆரம்பிக்கும். ட்ரவுட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, நேரம் கொடுத்தால் அது ஏப்பம் விட்டுக் காற்றை வெளியேற்றிக்கொள்ளும். அதனால் சுற்ற வேண்டும், பாதியில் நிறுத்த வேண்டும், காத்திருக்க வேண்டும், மறுபடி சுற்ற வேண்டும். கொக்கியில் எதிர்முள்ளை நான் இடுக்கியால் மடக்கிவிடுவேன், மீனின் வாய் கிழியாமல் கழற்றலாம். ஆனால் ஒரு கண்டிப்பு. நூல் ஒரு கணம்கூடத் தொய்யக்கூடாது. தொய்ந்தால் கொக்கி தானாக நழுவிவிடும்.

டெஸ் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்பான். மீன் மாட்டியதும் கிணற்றில் வாளி இழுக்கிறவன் மாதிரி இழுப்பான். "வந்துட்டான் மச்சான், வந்துட்டான், பாரு எம்மாம் பெருசு" என்பான். உப்பிப்போன மீனைப் படகுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, அது மல்லாந்து கிடப்பதைப் பார்த்து, "களைப்பா இருக்கான், கொஞ்ச நேரத்துல சரியாயிடுவான்" என்பான். அது சரியாகாது. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். எனக்குப் பார்க்கத் தெம்பு கிடையாது. ஒரு உயிர் தண்ணீரில் தத்தளிப்பதை நான் சகிக்க மாட்டேன், சின்ன வயதிலிருந்தே அப்படி.

இப்போது மேட்டுக்கு வருகிறேன். தீவுக்கு அப்பால், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு மேடு ஏரியின் அடியில் இருக்கிறது. ஆழம் காட்டும் திரைகள் வருவதற்கு முன்னால், ஈயக்குண்டு தட்டுகிற அதிர்வை உள்ளங்கையில் வாங்கி வாங்கி அதைக் கண்டுபிடித்தேன். பல கோடைகள் ஆயின. சேறு என்றால் குண்டு பொத்தென்று உட்காரும், பாறை என்றால் மணிக்கட்டு வரை கூசும். அந்த மேட்டின் தோளும் சரிவும் எனக்கு என் வீட்டுப் படிக்கட்டு மாதிரி. மேட்டின் வடக்குச் சரிவில் ட்ரவுட்டுகள் பூசையில் முழந்தாளிட்டவர்கள் மாதிரி வரிசையாக நிற்கும். நான் அங்கே போனால் யாருக்கும் தெரியாமல் சுற்றிக்கொண்டு போவேன், சுற்றிக்கொண்டு வருவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்திருந்தாலும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

டெஸ்ஸிடம் சொன்னேன். அவன் வாயைத் தைத்துக்கொள்வதுபோல விரலால் சைகை காட்டினான். மூன்று வாரம் அந்தத் தையல் நின்றது.

ஜூன் கடைசியில் சங்கத்தில் மீன் பொரியல் விருந்து. நான் தட்டோடு திரும்பினால் ஒரு மேசையைச் சுற்றிக் கூட்டம். நடுவில் டெஸ். மேசைக் காகிதத்தின் மேல் உருளை வறுவலை வரிசையாக அடுக்கியிருந்தான், அதுதான் கரை. ஒரு கேரட் துண்டு, அதுதான் தீவு. கேரட்டுக்கு அப்பால் தக்காளி சாஸில் ஒரு பொட்டு.

"இங்கதான்யா இருக்கானுங்க எல்லாம். மச்சான், இங்க வா, நீயே சொல்லு. தீவு தாண்டி இடது பக்கமா, வலது பக்கமா? எனக்குத் திசையே நிக்க மாட்டேங்குது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இடது" என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

அப்புறம் யாரோ ஒருவர் ஒரு வறுவலை எடுத்து அந்தப் பொட்டில் தொட்டுத் தின்றுவிட்டார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை மேட்டின் மேல் படகுகள் சந்தை வண்டிகள் மாதிரி நின்றன. ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள், பாட்டுப் பெட்டி வைத்திருந்தார்கள். நீர்ப்பரப்பில் மல்லாந்த மீன்கள். கடற்காக்கைகளுக்குக் கல்யாண விருந்து. டெஸ் ஒவ்வொரு படகுக்கும் கையாட்டினான், கல்யாண வீட்டுக்காரன் மாதிரி. நான் கோபப்படவில்லை. வீட்டுக்குப் போய்த் தூண்டில் நூல் சுற்றும் ரீல்களைக் கழற்றி எண்ணெய் விட்டேன். என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் கோபப்படுகிறவன் இல்லை.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை நான்தான் அவனைக் கூப்பிட்டேன். மதியத்துக்கு மேல் காற்று எழும்பும் என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது, அதனால் வேறு படகு எதுவும் கிளம்பவில்லை. அமைதியாக இருக்குமே என்றுதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். நான் கூப்பிட்டு அவன் வருவது அதுதான் முதல் தடவை, மற்ற நாளெல்லாம் அவனே வந்து ஏறிக்கொள்வான்.

படகில் ஏறியதிலிருந்து ஒரு கேள்வியை வாயிலேயே அடக்கி வைத்திருந்தான். அது அவனுக்கு உடம்புக்கு ஆகாது.

"மச்சான், இன்னும் கோவமா?"

"எதுக்கு?"

"அதான், அந்தச் சாஸு விஷயம்."

"இல்ல மாப்ளே."

"மீனு என்ன நம்ம அப்பன் வீட்டுச் சொத்தா? ரயில்வேல என்கூட இருந்தானே ஆல்பி, அவனுக்கு நெஞ்சுல ஆபரேசன் ஆன பிறகு சிரிச்சே நான் பாக்கல. அன்னிக்கு ஒரு மீனப் புடிச்சிட்டுக் கொழந்த மாதிரி அழுதான்யா. உன்னாலதான். உன் மேட்டாலதான். நீ பெருமைப்படணும்."

உன் மேடு என்று சொன்னான், கவனித்தீர்களா? அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான். பலகைக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வெயில் ஏறியது. அவனுடைய மிதவைச் சட்டை தொப்பையைப் பிடித்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "இறுக்கமா இருந்தா கழட்டி வெச்சுக்கோயேன்" என்றேன். அக்கறையில் சொன்னதுதான். கழற்றி மூலையில் போட்டான். வானொலிக் கருவியை நான் காலையிலேயே அணைத்துவிட்டிருந்தேன், அதன் கரகரப்பு எனக்குத் தலைவலி. தண்ணீரில் யாராவது விழுந்தால் வீசுவதற்கென்று ஒரு மிதவைத் திண்டு படகில் இருக்கும், சட்டப்படி இருந்தாக வேண்டும். அது என் கீழே இருந்தது. மருந்துக்கடையில் ஆயுசு முழுவதும் நின்றவனுக்கு இடுப்பு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வடக்குச் சரிவில் என் தூண்டில் கம்பு ஆடியது. கிளிப் விட்டு, கம்பு ஒரு தடவை நிமிர்ந்து, மறுபடி வளைந்தது. சின்ன மீன் தலையை உதறும். பெரிய மீன் உதறாது, என்ன விஷயம் என்று யோசிப்பது மாதிரி அப்படியே நிற்கும். இது நின்றது.

டெஸ் எழுந்துவிட்டான். "நீ புடி மச்சான், நீ புடி. நான் அந்தப் பக்கத்துக் குண்டத் தூக்கிடறேன், நூலு சிக்கிடும்." எனக்கு உதவத்தான் எழுந்தான். ஓரத்தில் ஒரு காலை வைத்து, கைச்சக்கரத்தின் மேல் குனிந்தான். காற்று அப்போதுதான் எழும்ப ஆரம்பித்திருந்தது. பக்கவாட்டில் ஓர் அலை வந்தது. படகு ஒரு குலுக்கு குலுக்கியது, அவன் போய்விட்டான். நான் தள்ளவில்லை. இரண்டு கையாலும் கம்பைப் பிடித்திருந்தேன். ஒருவன் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு இன்னொருவனைத் தள்ள முடியாது, அது உங்களுக்கே தெரியும்.

மேலே வந்ததும் அவன் சிரித்தான். அதுதான் அவன். தொப்பி போன தலையோடு, தண்ணீரைத் துப்பிக்கொண்டு கத்தினான்: "மீன விட்றாதே மச்சான். என்ன ஆனாலும் விட்றாதே."

நான் விடவில்லை.

"அடேயப்பா, என்னா குளிரு. உங்காளுங்க நீராவிக் குளியல் போடற சௌனால இருந்து ஓடிப்போய் ஐஸ் தண்ணில குதிப்பீங்களே, அதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமேயில்ல."

பேசிக்கொண்டே நீந்தினான். நன்றாகவே நீந்தினான் என்று சொல்ல வேண்டும், கொஞ்ச தூரம் படகுக்குச் சமமாக வந்தான். கை நீட்டினால் மோட்டாரைத் தொட்டுவிடுவான் போலிருந்தது.

"கியர எடுத்து விடேன் மச்சான், படகு போய்க்கிட்டே இருக்கு."

"நூலு தொய்ஞ்சிடும் மாப்ளே."

"ஆமா, ஆமா" என்றான். புரிந்துகொண்டான். அவ்வளவு நாள் நான் சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை என்று அந்த இடத்தில் எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

நான் வேகத்தைக் கூட்டவே இல்லை. அதைத் தயவுசெய்து தெளிவாக எழுதுங்கள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அதே நடை வேகம்தான். குளிர்தான் அவனை மெதுவாக்கியது. எங்கள் ஏரி ஜூலையிலும் முதலில் விரல்களை எடுத்துக்கொள்ளும், அப்புறம் தோள்களை.

"அந்தத் திண்டையாவது தூக்கிப் போடேன்."

அதற்கு நான் எழுந்திருக்க வேண்டும். பெரிய மீன் நூலில் இருக்கும்போது எழுந்திருக்கக்கூடாது, கம்பின் நுனி தாழ்ந்துவிடும். இதை நான் அவனுக்குப் பதிலாகச் சொல்லவில்லை, அவனுக்குத் தெரிந்த விஷயம்தானே. நான் சுற்றினேன். பாதியில் நிறுத்தினேன். காத்திருந்தேன்.

அப்புறம் "தைஸ்தோ" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, மச்சான்தான். அதனால் திரும்பிப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி இருந்தான். சிரிப்பு நின்றிருந்தது. ஒரு மாதிரி என்னைப் பார்த்தான், ஏதோ கணக்கு அவனுக்கு இப்போதுதான் விளங்கிய மாதிரி. "லெம்பிகிட்ட..." என்று ஏதோ சொன்னான். மீதி மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. லெம்பியிடம் அதைத்தான் சொன்னேன்: கடைசியில் உன் பெயரைச் சொன்னான் என்று. அது உண்மை. அது அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ உன்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சிருப்பண்ணா, எனக்குத் தெரியாதா" என்றாள். தினமும் சாப்பாடு கொண்டுவருகிறாள். வந்து உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் தருகிறாள். அவன் சொல்லி வைத்திருக்கிறான்.

நூல் முழுவதும் ஏறிய பிறகு மோட்டாரை அணைத்தேன். தகட்டைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தேன், ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். பிறகு படகைத் திருப்பிக்கொண்டு போய்த் தேடினேன். உண்மையாகவே தேடினேன். தொப்பி கிடைத்தது. வானொலியைப் போட்டுச் செய்தி சொன்னேன். குரல் நடுங்கியது என்று கடலோரக் காவல்காரர்கள் எழுதியிருப்பார்கள், அதுவும் நடிப்பில்லை. எனக்கும் குளிர ஆரம்பித்திருந்தது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்களே. பரவாயில்லை, சொல்ல வேண்டியது ஏறக்குறைய முடிந்தது. திண்டு எங்கே இருந்தது, கியர் எதில் இருந்தது, சட்டையைக் கழற்றச் சொன்னது யார் என்று இனிமேல் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். எல்லாவற்றுக்கும் இதே பதிலைத்தான் சொல்வேன். ஆனால் இவ்வளவு நேரமாக நீங்கள் மீன் என்னவாயிற்று என்று மட்டும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரராக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

மீன் இல்லை. அவன் விழுந்தபோது படகு குலுங்கியதே, அந்தக் குலுக்கலிலேயே கொக்கி நழுவிவிட்டது. கம்பைப் பிடித்திருக்கிறவனுக்கு அது அந்தக் கணமே தெரிந்துவிடும், கையில் இருந்த பாரம் போய் வெறும் நூல்தான் இருக்கும். 'மீன விட்றாதே' என்று அவன் கத்தும்போது என் கம்பு நேராக நின்றது. அதற்கப்புறம் நான் சுற்றியதெல்லாம் வெறும் தகட்டைத்தான். ஆனாலும் முறையாகச் சுற்றினேன். நடுவில் நிறுத்தினேன், காத்திருந்தேன், மறுபடி சுற்றினேன், ஒரு துளிகூட அவசரப்படவில்லை.

அவனிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்தக் குளிரிலும் அவ்வளவு ஆசையாகக் கேட்டவனிடம் மீன் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது? பாவம், மனசு விட்டுப்போயிருப்பான்.